மூடியே இருந்த இடது கண்

எனக்கு வந்த நோய்க்கு முதல் அறிகுறி என்று ஒன்று இல்லை. வலிக்கவில்லை, மங்கவில்லை, நீர் வடியவில்லை. வலது கண்ணில் ஒரு தூசி விழுந்தது, அதனால் தெரிந்தது. கெட்டுப்போயிருந்தது இடது கண்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை பார்ப்பது என் வேலை. வாங்க வருகிறவர்கள் பார்ப்பது வேறு. நெசவாளர் கொண்டுவரும் சேலையைக் கடை எடுத்துக்கொள்வதற்கு முன்னால், மேசையில் விரித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே கோர்வை (சேலையின் உடலும் கரையும் சேரும் இடம்) பிசகியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஊரில் என்னைப் பிடித்தவர்கள் குறைவு. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிறிய மடக்கு லென்ஸை வலது கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வோம். காலையில் மூடினால் சாப்பாட்டுக்குத்தான் திறப்போம். வருடக்கணக்கில் இப்படிச் செய்தால் இடது கண் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். சாயங்காலம் அது எரியும், சிவந்திருக்கும். அப்போது மட்டும் நினைவு வரும்.

அன்று மதியம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை வந்தது. விரித்து உதறியபோது ஏதோ துணுக்கு வலது கண்ணில் விழுந்தது. அதைக் கசக்கிக்கொண்டே, வழக்கத்துக்கு மாறாக, இடது கண்ணைத் திறந்து சேலையைப் பார்த்தேன். நடுவில் ஒரு கை அகலம் சேலை தெரிந்தது. கரை இல்லை. முந்தி இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற நெசவாளர் இல்லை. இருட்டாக இருந்திருந்தால் விளக்கைப் போடச் சொல்லியிருப்பேன். இருட்டும் இல்லை, அங்கே எதுவுமே இல்லை.

"இன்னாண்ணே, அப்டியே நின்னுட்டீங்க? இதுலயும் குத்தமா?" என்று அவர் குரல் மட்டும் வந்தது.

ஆறுதல் தேடி இதைப் படிக்க வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தால் யாருக்காவது பயன் இருக்குமா என்று பார்ப்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். எல்லோரும் அங்கேதானே போகிறோம். எழுத்துப் பலகையில் இருந்ததை எல்லாம் படித்தேன், இடது கண்ணாலும். கடைக்காரப் பையனுக்கு மகிழ்ச்சி.

"பார்வை சூப்பரா இருக்குது சார். பவர் மட்டும் லைட்டா மாறிக்கினு இருக்குது."

"பக்கத்துல இருக்கறது தெரியலப்பா."

"புதுக் கண்ணாடி போட்டா செட் ஆயிடும் சார்."

செட் ஆகவில்லை. புதுக் கண்ணாடியோடு கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் இடப்பக்கம் வந்து நின்று கைகூப்பியவரைப் பார்க்காமல் போய், திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் முன்பே உண்டு என்பதால் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. பிறகு ஒரு நாள் பஸ் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று என் இடது முழங்கையை உரசிக்கொண்டு போனது. அது வந்ததே எனக்குத் தெரியவில்லை. கூட இருந்த என் மனைவி வசந்தா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் சென்னை போகும் சாலையில் இருக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறொரு எரிச்சல் வந்தது. எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் கல்யாண மண்டபத்தில் அவ்வப்போது இலவசக் கண் முகாம் நடக்கும். "கண்புரை உள்ள பெரியோர்களே, வாருங்கள்" என்று மைக்கில் கூவுவார்கள். பெரியோர்களைக் கூப்பிட்டால் நான் எதற்குப் போகப் போகிறேன்? டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். 'கண் நன்றாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களே, நீங்களும் வாருங்கள்' என்று ஒருத்தராவது கூவியிருக்கலாம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, அழுத்தம் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, மறுபடியும் பார்த்தார். பிறகு பார்வைப் பரப்புச் சோதனைக்கு (நேரே பார்த்தபடி இருக்கும்போது ஓரங்களில் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் சோதனை) அனுப்பினார். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைத்துக்கொள்ள வேண்டும். எங்கேயாவது ஒரு வெளிச்சப் புள்ளி மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பார்ப்பதையே தொழிலாகச் செய்கிறவனுக்கு இந்தச் சோதனை வைத்தால் என்ன ஆகும்? மின்னாத புள்ளிக்கெல்லாம் அழுத்தினேன். தோற்கக்கூடாது என்று இருந்தது.

"சார், தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க. ஏமாத்தாதீங்க" என்று அங்கே இருந்த பெண் அதட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து செய்யவைத்தாள். இடது கண்ணுக்கு வந்த படத்தில் நடுவில் கொஞ்சம் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. வலது கண்ணின் படத்திலும் மேலே ஒரு மூலையில் கறுப்பு பிடித்திருந்தது.

"இது கிளாக்கோமா சார்" என்றார் டாக்டர். கிளாக்கோமா (கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வெளியேறாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும் நோய்). முதலில் ஓரத்துப் பார்வையைத்தான் தின்னும் என்றார். நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் எழுத்துப் பலகையை எல்லாம் படித்துவிடலாம். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றில் இல்லாததை இன்னொன்று நிரப்பிக் காட்டிவிடும். எனக்கோ நாள் முழுவதும் ஒரு கண் மூடியே இருந்தது. அது கெட்டதைக் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை.

"கண்ணுக்கு ஏதாச்சும் மருந்து போடறீங்களா சார்?"

"இல்லம்மா."

"வீட்ல வேற யாருக்காவது இந்தப் பிரச்சன இருந்துதா? அப்பா, அண்ணன் தம்பி?"

"எங்கப்பா மாகறல்ல கழனி வேல செஞ்சவரு. கடைசி வரிக்கும் கண்ணாடியே போட்டதில்ல."

"சொட்டு மருந்து எதுவுமே போடறதில்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வசந்தாதான் வாயைத் திறந்தாள். "மருந்துன்னு ஒண்ணும் இல்லமா. கூலிங் மட்டும்தான் வுடுவாரு."

"கூலிங்னா?"

அவள் கைப்பையிலிருந்து அந்தச் சின்ன புட்டியை எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் போனால் என் கண் சிவந்துவிடும் என்று எப்போதும் கூடவே வைத்திருப்பாள். டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார். முகம் மாறியது.

"எவ்ளோ நாளா இது?"

"எங்க பொண்ணு ஸ்கூல் போவசொல்லோ ஆரம்பிச்சது."

அது குளிர்ச்சிக்கான மருந்து இல்லை. ஸ்டீராய்டு (வீக்கத்தையும் சிவப்பையும் சட்டென்று அடக்கும் மருந்து). தேவைப்படும் நோய்க்கு டாக்டரே எழுதிக் கொடுப்பார், சில நாட்களுக்கு, நடுவில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு. அப்போது அது நல்ல மருந்து. ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் பலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். ஏறுவது தெரியாது. கண் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

எந்தக் கண்ணில் விடுவீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சொட்டு விட்டால் கொஞ்ச நேரம் பார்வை கலங்கும். லென்ஸ் பிடிக்கும் கண்ணைக் கலக்கிக்கொண்டால் வேலை நடக்காது. அதனால் கடையில் இருக்கும்போது, சும்மா மூடிக் கிடக்கும் இடது கண்ணில் மட்டும் அவ்வப்போது விட்டுக்கொள்வேன். வலதுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"போன பார்வை திரும்பி வருமா?"

"வராது சார். இருக்கறதக் காப்பாத்தலாம்."

அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த ஒரு பதிலால்தான். பிறகு வந்து பார்த்த நூறு பேரும் 'எல்லாம் சரியாயிடும்' என்றார்கள். இவர் ஒருத்தர்தான் மரியாதையாக வராது என்றார்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார்: "வீட்ல வேற யாரு இதப் போடறாங்க?"

வசந்தா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில், இட்லிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், கூலிங் எப்போதும் இருக்கும். என் மகள் நிவேதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண் அரிப்பு. வெயில் ஆரம்பித்தால் கசக்கிக் கசக்கிச் சிவந்துவிடும். ஒரு சொட்டு விட்டால் அடங்கிவிடும். வசந்தா இதை மெல்லச் சொன்னாள்.

"பொண்ணக் கூட்டினு வாங்க. உடனே" என்றார் டாக்டர்.

இப்போது என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். குமரேசன், வசந்தாவின் அண்ணன். வாலாஜாபாத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். பல வருடங்களுக்கு முன்னால் எனக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது ஒரு டாக்டர் அந்த மருந்தை ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். வாங்கியது மச்சான் கடையில். கண் ஒரே நாளில் வெளுத்தது. அடுத்த முறை கண் சிவந்தபோது டாக்டர் எதற்கு? மச்சான் இருக்கிறாரே. 'கூலிங்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பழம் வாங்கி வருவதுபோல நாலைந்து புட்டி கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவார். பாசக்காரர். அந்தப் பாசத்தில்தான் என் கண் போனது.

போனில் விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே வந்துவிட்டார், ஆப்பிளோடு.

"மாப்ள, ஊரே போடுது அந்த மருந்த. உனக்கு மட்டும் எப்டி ஆவும்? உனக்கு வயசாவுது, அதச் சொல்லு."

"ஊருல எத்தினி பேருக்குப் போச்சோ, யாருக்குத் தெரியும்? கண்ணு போனவன் உன் கடைக்கா வருவான்?"

"நான் இன்னா கள்ளச்சாராயமா விக்கறேன்? கம்பெனி மருந்து. ஒரு டாக்டர் எழுதித்தானே குடுத்தேன்?"

"ஒரு வாரத்துக்கு எழுதுனாரு."

மச்சான் வசந்தாவைப் பார்த்தார். அவள் ஆப்பிளைக் கழுவப் போய்விட்டாள்.

அவரிடம் சண்டை போட எனக்கு நிறைய நேரம் இருந்தது. நிவேதாவின் கண்ணுக்குத்தான் நேரம் இல்லை. அதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. அவளுக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். ஓரிக்கைப் பக்கம் பையன் வீடு. இடத்தைக் கொண்டுவந்தவரே மச்சான்தான். நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் நேரத்தில் பெண்ணைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் பையன் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"கல்யாணம் முடியட்டும் மாப்ள. அப்புறம் பொறுமையாப் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள கண்ணு போச்சுன்னா?"

"வாயக் கழுவுங்க" என்று வசந்தா கத்தினாள். "அவளுக்கு நல்லாத்தான தெரியுது!"

நிவேதா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளும் அதையேதான் சொன்னாள். "அப்பா, எனக்கு பர்ஃபெக்டா தெரியுது. லீவ் போட முடியாது. டென்ஷன் பண்ணாத."

பர்ஃபெக்டாகத் தெரிகிறது! எனக்கும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். எனக்குக் கெஞ்ச வராது, அது மிரட்டல் மாதிரித்தான் கேட்டிருக்கும். கடைசியில் நிஜமாகவே மிரட்டினேன். அழுத்தத்தைக் குறைக்க டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைக் கூடத்து மேசைமேல் வைத்தேன். இவள் ஆஸ்பத்திரிக்கு வரும்வரை என் கண்ணில் இது ஒரு சொட்டு விழாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அந்த மருந்தை ஒரு வேளை போடாமல் இருந்தாலும் அழுத்தம் ஏறும். மிச்சம் இருக்கும் நரம்பு சாகும், அது திரும்பப் பிறக்காது. எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். எனக்கு வேறு ஆயுதம் இல்லை.

மாலை வேளை போனது. காலை வேளையும் போனது. வசந்தா புட்டியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். அழுதாள், திட்டினாள், அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு.

நிவேதா வேலைக்குக் கிளம்பி, வாசல்வரை போய், திரும்பி வந்தாள்.

"பிளாக்மெயில் பண்றியாப்பா?"

"ஆமா."

"உனக்கே வெக்கமா இல்ல?"

"இல்ல."

அவள் தோள்பையை நாற்காலியில் எறிந்தாள். "அண்ணாந்து பாரு" என்று என் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை வலிக்கப் பிடித்து, இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டாள். பிறகு ஆபீசுக்குப் போன் செய்து லீவ் சொன்னாள். வழி முழுவதும் என்னோடு பேசவில்லை.

அவள் கண் அழுத்தம், இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அதைக் கேட்டதும் கூட வந்திருந்த வசந்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பார்வைப் பரப்புச் சோதனை முடிந்ததும், நரம்பைப் பார்க்க வேண்டும் என்று கண் பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். அந்தக் காத்திருப்பை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. என் இடது கண் மொத்தமும் போகட்டும், இவளுடையது இருக்கட்டும் என்று யாரிடம் என்று இல்லாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். "நரம்பு நல்லா இருக்குது. ஓரப் பார்வையும் முழுசா இருக்குது. சரியான நேரத்துல வந்துட்டீங்க. அந்த மருந்த நிறுத்துனா அழுத்தம் எறங்கிடும்னு நெனைக்கறேன். அரிப்புக்கு வேற மருந்து தரேன்."

"எறங்கலன்னா?" என்று நிவேதா கேட்டாள். வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"எறங்கலன்னா அதுக்கும் வைத்தியம் இருக்குது. ஆனா நீங்க விடாம வந்து காட்டணும்."

சில வாரங்களில் இறங்கியது. அதைக் கேட்ட அன்று நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. எதுவும் விடவில்லை, தானாக வெளுத்தது.

அன்று சாயங்காலம் நிவேதா ஒரு காரியம் செய்தாள். 'நம்ம குடும்பம்' என்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பொழுது விடிந்தால் பூவும் சாமி படமும் வந்து விழும். அதில் கூலிங் புட்டியைப் படம் எடுத்துப் போட்டாள். கீழே எழுதினாள்: "இது கூலிங் இல்லை, ஸ்டீராய்டு. இதனால் அப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. எனக்கும் அழுத்தம் ஏறியிருந்தது, நல்ல வேளையாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் யாராவது டாக்டர் சொல்லாமல் இதைப் போட்டுக்கொண்டிருந்தால் நாளைக்கே போய் அழுத்தம் பாருங்கள்."

அந்தக் குழுவில் மச்சான் இருந்தார். பையன் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் சம்பந்தம் பேசிய உறவுக்காரப் பெரியவரும் இருந்தார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

குழுவில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மச்சான் மட்டும் எதுவும் எழுதாமல் வெளியேறினார். ஆனால் நிவேதாவின் போனுக்குத் தனித்தனியாகச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. சித்தி வீட்டில் போடுகிறார்கள். பெரியப்பா போடுகிறார். ஒரு தங்கை முறைக்காரியின் பள்ளிக்கூடத்துப் பையனுக்குப் போடுகிறார்கள். எல்லோரும் ரகசியமாக ஆஸ்பத்திரி விலாசம் கேட்டார்கள். குழுவில் கேட்க மானம் போய்விடுமாம். கண் போனால் பரவாயில்லை.

அந்த வாரமே ஓரிக்கையிலிருந்து ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். முன்பு பத்துப் பொருத்தமும் இருப்பதாகச் சொன்னவர்களும் அவர்கள்தான். மச்சான் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"உன் கல்யாணத்த நீயே கெடுத்துக்கின பாப்பா."

"நீங்க குடுத்த மருந்து கெடுத்தத விடவா மாமா?" என்றாள் நிவேதா. "இன்னும் அத விக்கறீங்களா, நிறுத்திட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் உள்ளே வராமலே போய்விட்டார். டாக்டர் சீட்டு கேட்காமல் மருந்து கொடுக்கும் கடை அவருடையது மட்டும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் என் ஃபிரிட்ஜில் வந்து வைத்தது அவர். இன்றுவரை அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. வசந்தா அண்ணனோடு பேசுகிறாள், மாடிக்குப் போய். கல்யாணம் நின்றதற்கு அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டாம்.

எனக்கு இடது கண்ணில் அழுத்தம் மருந்துக்கு அடங்கவில்லை. அறுவை சிகிச்சை (உள்ளே தேங்கும் நீர் வெளியேற, இமைக்கு அடியில் ஒரு சிறு வழி செய்வது) செய்தார்கள். ஆபரேஷன் என்றால் முன்னைவிட நன்றாகத் தெரிய வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கட்டுப் பிரித்த அன்றிலிருந்து வருகிறவர்கள் விரலைக் காட்டி, எத்தனை என்று கேட்டார்கள். ஒருத்தருக்கு நான் காட்டிய விரல் வேறு. இந்த ஆபரேஷன் பார்வையைக் கொடுக்காது. மிச்சம் இருப்பதைப் பறிபோகாமல் நிறுத்தும். ஒன்றும் கிடைக்காமல் இத்தனை வலி பட்டோமே என்று சில நாள் எனக்கும் இருந்தது.

இப்போது மறுபடியும் சேலை பார்க்கிறேன். முதலாளி ஓய்வெடுக்கச் சொன்னார், மறுத்துவிட்டேன். லென்ஸோடு ஒட்டிய வலது கண் நன்றாகவே வேலை செய்கிறது. "இப்பவாவது ஒண்ணு ரெண்டு வுட்டுடுவீங்கன்னு பாத்தேன்ணே" என்று ஒரு நெசவாளர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். மேசைக்கு வருகிற ஒவ்வொருவரையும் ஒரு கண்ணைக் கையால் பொத்தச் சொல்கிறேன். எதிரே சுவரைப் பார்க்கச் சொல்லி, ஓரமெல்லாம் தெரிகிறதா என்று கேட்கிறேன். பிறகு அடுத்த கண். அது மட்டும் போதாது, ஓரம் முழுதாகத் தெரிந்தாலும் நாற்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் போய் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றும் சொல்கிறேன். அப்பா அம்மாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் அதற்கு முன்பே. நீங்களும் போங்கள். வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து இப்போது போட்டுக்கொண்டிருப்பதை என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், அவரையே கேளுங்கள். கண் சிவந்தால் கடைக்காரனிடம் போகாதீர்கள், அவன் மச்சானாக இருந்தாலும்.

என் உடம்புக்கு இப்போது இடப்பக்கம் என்று ஒன்று சரியாக இல்லை. மூக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம்வரை வலது கண் பார்த்துக்கொள்கிறது. அதற்கு மேல் யாரும் என்னை நோக்கி வருவதில்லை. திடீரென்று இருக்கிறார்கள். பொழுதும் மாறிவிட்டது. முன்பு ஒரு சேலை முடிந்து இன்னொரு சேலை என்று போகும். இப்போது ஒரு சொட்டிலிருந்து அடுத்த சொட்டுவரைதான் ஒரு நாள். உயிருள்ளவரை விட வேண்டும் என்கிறார் டாக்டர். சரி என்கிறேன்.

வைகாசியில் கருட சேவைக்கு நிவேதாவோடு போனேன். விடியற்காலை, சின்ன காஞ்சிபுரத்தில் மூச்சுவிட இடம் இல்லை. அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக நின்றாள். எனக்கு அவள் தெரியவில்லை. கையும் குரலும் மட்டும்தான்.

"வருதுப்பா. குடை தெரியுது. ரெண்டு குடை. இப்ப இந்தப் பக்கம் திரும்பறாங்க, கருடன் மூக்கு பளபளன்னு இருக்குது. அங்க மாடில ஒரு கொழந்த கைகூப்பிக்கினு நிக்குது பாரு. ஐயோ, கீழ எட்டிப் பாக்குது."

"சத்தம் போடாத. நானே பாத்துக்கறேன்."

"நீ எங்க பாப்ப? நேராப் பாத்துக்கினு நிக்கற. தலையத் திருப்புப்பா!"

நான் தலையைத் திருப்பவில்லை. பெருமாள் என் கண்ணுக்கு நேரே எப்போது வருவாரோ அப்போது வரட்டும். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.